சாக்லெட் விலை ஏறியது, கொக்கோ விவசாயிக்கு என்ன ஏறியது?

2024ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் பொருள் சந்தையில் ஒரு டன் கொக்கோவின் விலை 12,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அது 2,500 டாலர் அளவில்தான் இருந்தது. நம் பக்கத்துக் கடைகளிலும் அதன் சூடு தெரிந்தது. சாக்லெட்டின் விலை கூடியது, அல்லது விலை அப்படியே இருக்க, உறைக்குள் இருந்த கட்டி மெலிந்தது. இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் வகுப்புத் தோழர் ஒருவர், "அப்படியென்றால் ஆப்பிரிக்காவில் கொக்கோ போட்டவனெல்லாம் இந்நேரம் பணக்காரனாகியிருப்பானே!" என்றார். சுற்றி இருந்த யாரும் மறுக்கவில்லை. விலை ஏறினால் விளைவித்தவனுக்கு லாபம் என்று நினைப்பது இயல்புதானே.

ஆனால் நடந்தது அதுவல்ல. ஏன் அல்ல என்று தெரிந்துகொண்டால்தான், "கொக்கோ விவசாயிகள் பருவநிலை மாற்றத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ள உதவுவோம்" என்று நிறுவனங்கள் அழகான அறிக்கைகளில் எழுதுவதை நாம் சரியாக எடைபோட முடியும்.

உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டே நாடுகளில் விளைகிறது. ஒன்று ஐவரி கோஸ்ட், மற்றொன்று கானா. இரண்டிலும் விவசாயி நியூயார்க் விலைக்கு விற்பதில்லை. பருவத் தொடக்கத்தில் அரசு அமைப்பு ஒரு விலையை அறிவிக்கும். நாடு முழுவதும் அதே விலைதான். கானாவில் இந்த வேலையைச் செய்வது கொக்கோபோட் என்று அழைக்கப்படும் வாரியம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1947இல் தொடங்கப்பட்டது. இந்த அமைப்புகள் அறுவடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே விளைச்சலின் பெரும்பகுதியை வெளிநாட்டு வணிகர்களுக்கு விற்றுவிடும். அந்த முன்விற்பனை விலையை வைத்தே விவசாயிக்கான விலை முடிவாகும். சந்தை சரியும் ஆண்டில் இது விவசாயிக்குக் குடை போன்றது. சந்தை எகிறும் ஆண்டில் அதே குடை மழையைத் தடுத்துவிடுகிறது.

2023 அக்டோபரில் ஐவரி கோஸ்ட் அறிவித்த விலை கிலோவுக்கு 1,000 சிஎஃப்ஏ பிராங்க். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஹெக்டர் தோட்டம், ஹெக்டருக்கு 450 கிலோ விளைச்சல். அங்கே சிறு விவசாயிக்கு இது வழக்கமான அளவுதான். மொத்தம் 900 கிலோ. கையில் வருவது 900,000 பிராங்க். அப்போதைய மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 7,000 ரிங்கிட். மாதத்துக்கு 600 ரிங்கிட்கூட இல்லை. அதே காலத்தில் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். அந்த 7,000 ரிங்கிட்டில்தான் உரம், மருந்து, கூலி எல்லாம் போக வேண்டும். பிறகு பிள்ளைகளின் படிப்பு.

பின்னர் விலையை உயர்த்தினார்கள் என்பது உண்மை. 2024 அக்டோபரில் 1,800 பிராங்க், 2025 அக்டோபரில் 2,800 பிராங்க். ஆனால் விலை ஏறிய அந்த ஆண்டுகளில் பலருக்கு மரத்தில் காய் இல்லை. காய் இல்லாததால்தானே விலையே ஏறியது! 2025 முடிவதற்குள் உலகச் சந்தை விலை உச்சத்திலிருந்து பாதியளவுக்கு இறங்கியும் விட்டது.

காய் ஏன் இல்லாமல் போனது என்பதற்கு வருவோம். கொக்கோ கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள மரம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 20 பாகைக்குள் மட்டுமே அது வளரும். அமேசான் காட்டில் உயரமான மரங்களின் நிழலில் பிறந்த இனம் அது. நேர்வெயிலும் நீண்ட வறட்சியும் அதற்கு ஆகாது. தண்டிலேயே நேராகப் பூக்கும் அந்தச் சின்னஞ்சிறு பூக்களில் மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல, கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி. (இதைச் சொன்னால் என் தங்கை சாக்லெட் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவாள்.) ஈரமான இலைச்சருகிலும் அழுகிய காய்த்தோட்டிலும்தான் அந்தப் பூச்சி இனம் பெருகும். சருகு காய்ந்துபோனால் பூச்சி குறையும்; பூச்சி குறைந்தால் காய் குறையும். மரத்தில் பூக்கும் நூறு பூக்களில் ஐந்துகூடக் காயாவதில்லை என்னும்போது, இந்தச் சின்னப் பூச்சியின் அருமை புரியும்.

2023இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அளவுக்கு மீறி மழை கொட்டியது. காய்கள் மரத்திலேயே கறுத்து அழுகும் கருங்காய் நோய் பரவியது. அறுத்த கொட்டையை வெயிலில் காயவைக்கவும் வழியில்லை. சில மாதங்களில் நிலைமை தலைகீழானது. சஹாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் வறண்ட காற்று, அதன் பின்னால் 2024 பிப்ரவரியில் கடும் வெப்ப அலை. கொக்கோவுக்கு 32 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு நல்லதல்ல. ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் முக்கிய அறுவடைப் பருவத்தில் இப்படிப்பட்ட நாள்கள், பருவநிலை மாற்றத்தால் மட்டும், கடந்த பத்தாண்டில் ஆண்டுக்கு மூன்று வார அளவுக்குக் கூடியிருப்பதாக கிளைமேட் சென்ட்ரல் அமைப்பு 2025இல் கணக்கிட்டது. அதற்கும் முன்பே, 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இப்போது கடல்மட்டத்திலிருந்து 100 முதல் 250 மீட்டர் உயரத்தில் நன்றாக விளையும் கொக்கோவுக்கு 2050ஆம் ஆண்டில் 450 முதல் 500 மீட்டர் உயரமே ஏற்றதாக இருக்கும் என்று எச்சரித்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி தாழ்ந்த நிலம். மேலே ஏறிப் போக மலை எங்கே இருக்கிறது? இருக்கிற கொஞ்ச மலையிலும் காடுதான் மிச்சமிருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்த தீர்வு ஒன்று உண்டு: தோட்டத்துக்குள் நிழல் மரங்களை நடுவது. அறிவியல் இதை ஆதரிக்கிறது. நிழல் இருந்தால் தோட்டத்தின் சூடு குறையும், மண்ணில் ஈரம் நிற்கும், சருகு சேரும், அந்தச் சின்னப் பூச்சியும் வரும். எனவே நிறுவனங்கள் கன்றுகளை இலவசமாகக் கொடுக்கின்றன. "இத்தனை லட்சம் கன்றுகள் வழங்கினோம்" என்று ஆண்டறிக்கையில் படத்துடன் போடுகின்றன. வழங்கிய எண்ணிக்கை இருக்கும். ஐந்து ஆண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்ற எண்ணிக்கையைத் தேடினால் கண் வலிக்கும்.

விவசாயிக்குப் புரியவில்லை என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விவசாயி கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு நமக்குத்தான் தெரிவதில்லை.

கானாவில் தானாக முளைத்து வளரும் காட்டுமரங்கள், அவை தனியார் கொக்கோ தோட்டத்துக்குள் நின்றாலும், விவசாயிக்குச் சொந்தமில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நாட்டின் அதிபரின் பொறுப்பில் வைத்தது. அரசிடம் உரிமம் பெற்ற மரவெட்டு நிறுவனம் வந்து, தோட்டத்துக்குள் நிற்கும் பெரிய மரத்தைச் சாய்க்கலாம். அது விழும்போது கீழே இருக்கும் கொக்கோ மரங்களும் நசுங்கும். விற்ற காசு விவசாயிக்கு வராது. நசுங்கிய கொக்கோவுக்கு இழப்பீடு கேட்டு அலைவதுதான் மிச்சம். அப்படியானால் ஒரு நல்ல மரக்கன்று தன் தோட்டத்தில் முளைப்பதைப் பார்க்கும் விவசாயி என்ன செய்வார்? சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிப் போடுவார். தானே நட்ட மரம் தனக்கே சொந்தம் என்று பிறகு சட்டம் மாறியது. ஆனால் நட்டது தான்தான் என்று இருபது ஆண்டு கழித்து நிரூபிக்க அவரிடம் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைப் பெற்றுக் கொடுப்பது, ஆயிரம் கன்று கொடுப்பதைவிடப் பெரிய உதவி என்பது என் கருத்து. ஆனால் காகிதத்தைப் படம் எடுத்து அறிக்கையில் போட்டால் பச்சையாக இருக்காதே.

இன்னொரு சிக்கல், தோட்டத்தில் உழைப்பவர் பல நேரம் நிலத்துக்குச் சொந்தக்காரரே அல்ல. அபுசா என்ற முறையில் விளைச்சலை மூன்றாகப் பங்கிடுவார்கள். பராமரிப்பவருக்கு அதில் ஒரு பங்கு. அபுனு என்ற முறையில் பாதிக்குப் பாதி. பங்குக்கு உழைப்பவர், பதினைந்து ஆண்டு கழித்துப் பலன் தரும் மரத்தை எதற்காக நடுவார்? அதுவரை அந்த நிலத்தில் அவர் இருப்பாரா என்பதே உறுதியில்லை.

எந்த மரத்தை நடுவது என்பதும் எளிதான கேள்வி அல்ல. நம் ஊரில் கெக்காபு என்று மலாயில் சொல்கிறோமே, தலையணைப் பஞ்சு தரும் இலவ மரம், அது மேற்கு ஆப்பிரிக்காவிலும் தாராளமாக வளர்கிறது. ஆனால் கொக்கோவின் பெரும் எதிரியான தண்டு வீக்க நோயின் கிருமி அந்த மரத்திலும் தங்கும். மாவுப்பூச்சி அதை அங்கிருந்து கொக்கோவுக்குக் கொண்டு வந்துவிடும். நிழல் மிகுந்தாலும் ஆபத்து. ஈரம் தேங்கிக் கருங்காய் நோய் வரும். ஆக, எந்த மரம், எத்தனை மரம், எப்போது கிளை கழிப்பது என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தெரிந்த ஆள் கூடவே இருந்து சொல்ல வேண்டும். ஒரு நாள் பயிலரங்கும் மதிய உணவும் இதற்குப் போதாது.

தண்டு வீக்க நோய் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக நடுவதே வழி. புதுக் கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். இந்த மூன்று, நான்கு ஆண்டுகளில் குடும்பம் எதைச் சாப்பிடும்? என்னைப் பொறுத்தவரை, பருவநிலைக்குப் பழகுதல் என்ற பெரிய சொல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. வறட்சி தாங்கும் புதிய ரகம் வந்துவிட்டது என்று சொன்னாலும், பழைய மரத்தை வெட்டாமல் புதியதை நட முடியாது. நோயுற்ற மரமென்றாலும் இந்த ஆண்டு நாலு காய் தரும். வெட்டினால் அதுவும் இல்லை.

என் பாட்டி பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். தென்னைக்கு இடையில் கொக்கோ போட்டிருந்த காலம் அது. "காயை உடைச்சா கொட்டையெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டுக் கல்லு மாதிரி கெடக்கும்மா, உள்ளே புழு தின்னிருக்கும்" என்று இன்றும் சொல்வார். அது கொக்கோ காய்த்துளைப்பான் புழு. 1980இல் சபாவில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் தீபகற்பத்துக்கும் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை அறுவடை செய்து, காய்க்குக் காய் பிளாஸ்டிக் உறை மாட்டினால் அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் கூலி யார் கொடுப்பது? செம்பனைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1990இல் மலேசியா ஏறக்குறைய 247,000 டன் கொக்கோ விளைவித்தது. உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக இருந்தோம். இன்று நம் விளைச்சல் ஆயிரம் டன்னைக்கூடத் தொடுவதில்லை. நாம் கொக்கோவைப் பழக்கிக்கொள்ளவில்லை, கைவிட்டோம். செம்பனை இருந்ததால் கைவிட முடிந்தது.

கானா விவசாயிக்கும் கைவிட ஒரு வழி இருக்கிறது. அதுதான் கவலை. கலாம்சே எனப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்கள் கொக்கோ நிலத்துக்கு ரொக்கமாகப் பணம் தருகிறார்கள். பல ஆண்டு வருமானம் ஒரே நாளில் கையில். அதன் பிறகு அந்த மண்ணில் கொக்கோவும் விளையாது, வேறெதுவும் விளையாது. ஆற்றில் பாதரசமும் சேறும் ஓடும். நிலத்தை விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளைச்சலைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் பொருளியல் பாட வகுப்பிலேயே சிலர் வாதிடுகிறார்கள். ஹெக்டருக்கு 450 கிலோ என்பதை 900 ஆக்கினால் வருமானம் இரட்டிப்பாகுமே என்பது அவர்கள் கேள்வி. ஒருவர் மட்டும் செய்தால் ஆகும். எல்லாரும் செய்தால் விலை விழும்; உலகம் திடீரென்று இரண்டு மடங்கு சாக்லெட் சாப்பிடப் போவதில்லை. 2016க்குப் பிறகு நல்ல விளைச்சலால் கொக்கோ விலை சரிந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தச் சரிவுக்குப் பிறகுதான் 2019இல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கைகோத்து, டன்னுக்கு 400 டாலர் வாழ்க்கை வருமானக் கூடுதல் தொகை கேட்டன. 2020-21 பருவத்திலிருந்து வாங்குவோர் அதைக் கொடுத்தார்கள். ஆனால் தரத்துக்காக அந்நாடுகளுக்குக் கொடுத்து வந்த இன்னொரு கூடுதல் தொகையைப் பேரம் பேசிக் குறைத்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டதற்கு ஒப்பானது அது.

உருப்படியாக நடந்த முயற்சிகளும் உண்டு. தண்டு வீக்க நோய் கடுமையாகப் பாதித்த மேற்கு வட கானாவில், கொக்கோபோட் நோயுற்ற தோட்டங்களைத் தானே வெட்டி, மறுநடவு செய்து, இரண்டு ஆண்டுகள் பராமரித்துத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. இழப்பீடு நிலச் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, உழைக்கும் பங்காளிக்கும் தனியாக வழங்கப்பட்டது. இளங்கன்றுகளுக்கு இடையில் சமையல் வாழை நட்டார்கள். வாழை கன்றுக்கு நிழல், வீட்டுக்குச் சாப்பாடு, மிஞ்சியதை விற்றால் காசு. காத்திருக்கும் காலத்தின் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டதுதான் இதில் முக்கியம். கடனும் நிர்வாகக் கோளாறுகளும் அந்த வாரியத்துக்கு ஏராளம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் யோசனை சரியானது.

1993இல் கானாவில் விவசாயிகளே தொடங்கிய குவாபா கொக்கோ கூட்டுறவையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து லண்டனில் உருவான டிவைன் சாக்லெட் நிறுவனத்தில் அந்த விவசாயிகளுக்குப் பங்கும் இருந்தது. கொட்டையை மட்டும் விற்பவருக்கும், சாக்லெட்டிலும் பங்கு வைத்திருப்பவருக்கும் வித்தியாசம் பெரியது.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மலேசியா இன்று கொக்கோ விளைவிக்கும் நாடு அல்ல, அரைக்கும் நாடு. ஆண்டுக்கு 300,000 டன்னுக்கும் மேல் கொட்டையை இறக்குமதி செய்து, ஜொகூரிலும் பிற இடங்களிலும் அரைத்து, வெண்ணெயாகவும் தூளாகவும் ஏற்றுமதி செய்கிறோம். சிங்கப்பூரிலும் பெரிய ஆலைகளும் வணிக நிறுவனங்களும் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டையின் ஒரு பகுதி நம் துறைமுகங்கள் வழியாகத்தான் போகிறது. உணவுத் தொழில்நுட்பம், வணிகம், தளவாடம் படிக்கும் நம்மில் சிலருக்கு நாளை அங்கேதான் சம்பளம். காடழிப்பில் விளைந்த பொருளை ஏற்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றிய பிறகு, ஒவ்வொரு கொட்டையும் எந்த நிலத்தில் விளைந்தது என்ற வரைபடத்தைத் திரட்ட நிறுவனங்கள் ஓடுகின்றன. நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனாலும் வேலை நடக்கிறது. அந்த வரைபடம் வாங்குபவரின் கணினியில் மட்டும் இருந்தால் விவசாயிக்கு அதனால் பயனில்லை. அதன் ஒரு பிரதி அவர் கையிலும் இருந்தால், வங்கிக் கடனுக்கும், மரத்தின் மீதான உரிமைக்கும் அவர் அதைக் காட்டலாம்.

நியாய வணிக முத்திரை உள்ள சாக்லெட்டை வாங்குங்கள் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த முத்திரைக்கான கூடுதல் தொகை 2019 முதல் டன்னுக்கு 240 டாலர். அது கூட்டுறவுக்குப் போகிறது, நல்லதுதான். ஆனால் ஒரு மாணவர் ஆண்டுக்கு எத்தனை கட்டி சாக்லெட் வாங்கிவிட முடியும்? கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்று, ஒரே கூட்டுறவிடம் ஐந்து ஆண்டுக்கு இன்ன விலைக்குக் குறையாமல் வாங்குவேன் என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை நம்பி ஒரு விவசாயி பழைய மரத்தை வெட்டத் துணிவார்.

அடுத்த மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்புக் கண்காட்சி. கொக்கோ ஆலை ஒன்றும் கூடாரம் போடுவதாக அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். பயிற்சிக்கால உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கத்தான் போகிறேன். கூடவே மூன்று கேள்விகளைக் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கிறேன். விவசாயிகளுடன் உங்கள் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? நீங்கள் கொடுத்த நிழல் மரக்கன்றுகளில் இன்று எத்தனை நிற்கின்றன? மறுநடவு செய்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த மூன்று ஆண்டும் யார் பணம் தருகிறார்கள்? அங்கே பதில் கிடைத்தால் இதே பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறேன்.